யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டாரா? பாறசாலைத் தம்பியின் கேள்விக்கு ஒரு பதில்

பாறசாலையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூதர்கள் இயேசுவைக் கொன்றதால் தேவன் அவர்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சபையை வைத்தார் என்றே அவருடைய சபையில் வழிவழியாகச் சொல்லித் தருகிறார்கள். அண்மையில் களியக்காவிளைப் பக்கம் நடந்த ஒரு கன்வென்ஷனில், பிரசங்கியார் மேடையில் இஸ்ரவேல் நாட்டுக் கொடியை வைத்து, ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி, யூதரை ஆசீர்வதிக்கிறவனுக்கே ஆசீர்வாதம் என்று பேசியிருக்கிறார். இந்த இரண்டில் எது வேத உபதேசம், யூதர்களுக்காக நாம் ஜெபிக்கலாமா, ஜெபித்தால் என்னவென்று ஜெபிப்பது என்பன அவருடைய கேள்விகள்.

தம்பி, இரண்டும் வேத உபதேசம் அல்ல என்பதே என் பதில். ஒன்று யூத மக்களை முடிந்துபோன கதையாக்குகிறது. மற்றது அவர்களை நம் ஆசீர்வாதத்துக்கான கருவியாக்குகிறது. இன்றும் மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய தோராவை வாசித்து, ஓய்வுநாளைக் கைக்கொண்டு, தேவனோடு தங்களுக்கென ஓர் உடன்படிக்கை உண்டு என்று நம்பி வாழும் ஒரு மக்களாக அவர்களைப் பார்க்க இரண்டுமே மறுக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள முதலில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9, 10, 11 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நம் சபைகளில் 8-ஆம் அதிகாரத்தின் முடிவிலிருந்து நேரே 12-ஆம் அதிகாரத்துக்குத் தாவிவிடுகிற வழக்கம் இருப்பது பெரிய இழப்பு.

தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று நீங்கள் கேட்ட அதே கேள்வியை 11-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் பவுல் கேட்டு, ஒருக்காலும் இல்லை என்று உடனே பதிலும் சொல்லிவிடுகிறார். தன் இனத்தாரில் பெரும்பாலோர் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை என்ற வேதனை அவருக்கு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. தன் சகோதரருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் சம்மதம் என்று எழுதுகிற அளவுக்கு அது ஆழமான வேதனை. ஆனால் அந்த வேதனையிலிருந்து, தேவன் தம் வாக்கை மாற்றிக்கொண்டார் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. சுவிசேஷத்தைக் குறித்து அவர்கள் எதிர்நிற்கிறவர்கள், பிதாக்களின் நிமித்தமோ அன்புகூரப்பட்டவர்கள், தேவன் கொடுத்த வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று 28, 29 வசனங்களில் நிகழ்காலத்தில் எழுதுகிறார்.

அதே அதிகாரத்தில் வரும் ஒலிவ மர உவமையை நம் பகுதிக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். குலசேகரம் முதல் வெள்ளறடா வரை ரப்பர் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பட்டிங் தெரியும். விதையிலிருந்து முளைத்த நாட்டுத் தையின், அதாவது கன்றின், பட்டையைக் கீறி, பால் கூடுதலாகத் தரும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற ரப்பர் இனத்தின் மொட்டை அதற்குள் வைத்துக் கட்டுவார்கள். மொட்டு பிடித்துவிட்டது என்று தெரிந்ததும், ஒட்டுக்கு மேலே நிற்கும் நாட்டுத் தையின் தலையை வெட்டிவிடுவார்கள். அதன்பின் வேர் மட்டுமே பழையது, மேலே வளர்வது முழுவதும் புதிய மரம். சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்கிற போதனை ஏறக்குறைய இந்தப் பட்டிங்தான். பவுல் சொல்லும் ஒட்டு வேறு மாதிரியானது. அங்கே மரத்தின் தலை வெட்டப்படவில்லை. சில கிளைகள் முறிக்கப்பட்டன என்றுதான் சொல்கிறார். காட்டொலிவக் கிளையாகிய புறஜாதியார் மற்றக் கிளைகளின் நடுவே ஒட்டப்பட்டு, அவற்றோடு சேர்ந்து வேரின் சாரத்தை உண்கிறார்கள். முறிக்கப்பட்டவற்றைத் திரும்ப ஒட்டவும் தேவன் வல்லவர். மேலும், நல்ல இனத்தைக் காட்டுத் தண்டில் ஒட்டுவதுதான் தோட்டக்காரர் வழக்கம். இங்கே காட்டுக்கிளை நல்ல மரத்தில் ஒட்டப்படுகிறது. அது இயல்புக்கு மாறானது என்று பவுலே 24-ஆம் வசனத்தில் சொல்கிறார். நம்மால் அந்த மரத்துக்கு மேன்மை வந்துவிடவில்லை, ஆகையால் பெருமை பாராட்டாதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று ரோமாபுரிச் சபையின் புறஜாதி விசுவாசிகளை அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைச் சபை காதில் வாங்கவில்லை என்பதே பின்னால் நடந்த வரலாறு.

சபை ஒரு முக்கியமான இடத்தில் சரியாகவே நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். கி.பி. 144-ஐ ஒட்டி ரோமாபுரியில் மார்சியோன் என்பவர், எபிரெய வேதத்தின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்து, பழைய ஏற்பாட்டை முற்றிலும் விலக்கிவிடச் சொன்னார். ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. அவர் முன்பு காணிக்கையாகக் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸ் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆபிரகாமின் தேவன்தான் இயேசு கிறிஸ்துவின் பிதா என்பதில் சபை அன்று விட்டுக்கொடுத்திருந்தால், இன்று நம் கையில் சங்கீதப் புத்தகமே இருந்திராது. ஆனால் நூலை வைத்துக்கொண்ட சபை, அந்த நூலுக்குரிய மக்களை ஒதுக்கத் தொடங்கியது. அதே நூற்றாண்டின் நடுவில் யூஸ்தின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், திரிபோ என்ற யூதரோடு நடந்ததாக எழுதிய உரையாடலில், கிறிஸ்தவர்களாகிய நாங்களே உண்மையான இஸ்ரவேல் என்றார். சர்தை சபையின் கண்காணியான மெலித்தோ தம்முடைய பஸ்கா பிரசங்கத்தில், தேவனைக் கொன்ற குற்றத்தையே இஸ்ரவேலின்மேல் சுமத்தினார். 386, 387 ஆண்டுகளில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதருக்கு எதிராக மிகக் கடுமையான பிரசங்கங்களைச் செய்தார். அவர் சபை மக்கள் யூதரின் பண்டிகைகளுக்குப் போய், எக்காளம் ஊதுவதைக் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள் என்பதே அவருடைய கோபத்துக்குக் காரணம். மேய்ப்பர்கள் பிரிக்க முயன்ற காலத்திலும் சாதாரண விசுவாசிகள் பிரியாமல் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பிரசங்கங்களே சாட்சி.

அகஸ்தீன் ஒரு நடுவழி கண்டார். யூதரைக் கொல்லக் கூடாது, அவர்கள் சிதறி வாழ்ந்து தங்கள் வேதத்தாலேயே கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று 59-ஆம் சங்கீதத்தைக் கொண்டு வாதிட்டார். அது பல இடங்களில் யூதரின் உயிரைக் காத்தது. ஆனால் தாழ்ந்த நிலையில்தான் அவர்கள் வாழ வேண்டும் என்ற எண்ணத்தையும் அதுவே நிலைநாட்டியது. பிறகு நடந்தவற்றை நீட்டி எழுத மனம் வரவில்லை. 1096-இல் சிலுவைப்போர்க் கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் நடத்திய படுகொலைகள், யூதர்கள் தனி அடையாள உடை அணிய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இட்ட கட்டளை, யூதரின் ஜெப ஆலயங்களை எரிக்கச் சொல்லி 1543-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய நூல் ஆகியவற்றைச் சொன்னாலே போதும். ஹிட்லரின் இனவெறி கிறிஸ்தவ உபதேசத்திலிருந்து நேரடியாகப் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டபோது, ஞானஸ்நானம் பெற்ற ஒரு கண்டம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்ததற்கு, நூற்றாண்டுகளாகப் பிரசங்க பீடத்திலிருந்து வந்த இழிசொல் நிலத்தைப் பண்படுத்தியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால்தான் யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்ற வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சிலுவை ரோமருடைய தண்டனை. அதை விதித்தவர் ரோம தேசாதிபதி. நாம் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணம் இயேசுவின் பாடுகளோடு சேர்த்துச் சொல்லும் ஒரே பெயர் பொந்தியு பிலாத்துவின் பெயர். எருசலேம் ஆலயத் தலைமையில் சிலருக்கு அதில் பங்கு இருந்ததாகச் சுவிசேஷங்கள் சொல்கின்றன. அதே நகரத்தில் அவரைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு அழுத பெண்களும், அவரை அடக்கம்பண்ணிய அரிமத்தியா யோசேப்பும், ஓடி ஒளிந்த சீஷர்களும், மறுதலித்த பேதுருவும் யூதர்களே. மத்தேயு 27:25-இல் கூட்டத்தார் சொல்லும், இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக என்ற வாக்கியத்தை எல்லாத் தலைமுறை யூதர்மேலும் வரும் சாபமாக வாசித்தது சபை செய்த பெரும் பாவம். யோவான் சுவிசேஷத்தில் யூதர் என்ற சொல் கடுமையாக வரும் இடங்களும் உண்டு. ஜெப ஆலயத்தோடு மனக்கசப்பில் பிரிந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தின் வலி அதில் இருக்கிறது. அதே சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரத்தில், இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது என்று சமாரியப் பெண்ணிடம் இயேசுவே சொல்கிறார். கிறிஸ்துவின் மரணத்துக்குப் பாவிகள் அனைவருமே காரணம் என்று 1566-இல் வெளிவந்த கத்தோலிக்கரின் திரெந்து சங்க உபதேச நூலே சொல்லிவிட்டது. அது மக்களின் நாவுக்கு இறங்க இன்னும் 400 ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு யூதர் இருந்தார். ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியரின் மனைவியும் மகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தின் நடுவிலேயே அவர் சுவிசேஷங்களையும் சபையின் போதனைகளையும் வரிவரியாக ஒப்பிட்டு, இகழ்ச்சியைக் கற்பித்தது இயேசு அல்ல, பின்வந்த போதகர்களே என்று காட்டினார். 1947-இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் கூடிய யூதரும் கிறிஸ்தவரும் அவருடைய ஆய்வை அடிப்படையாகக் கொண்டு சபைகளுக்குப் பத்து வேண்டுகோள்களை வைத்தார்கள். 1960 ஜூன் மாதம் அவர் போப் 23-ஆம் யோவானைச் சந்தித்தார். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2,221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் விழ நிறைவேற்றிய பிரகடனத்தில், இயேசுவின் பாடுகளை அன்றைய எல்லா யூதர்மேலும் இன்றைய யூதர்மேலும் சுமத்த முடியாது, அவர்கள் தேவனால் தள்ளப்பட்டவர்களோ சபிக்கப்பட்டவர்களோ அல்லர் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாக நின்றது ரோமர் 11 என்பதைக் கவனியுங்கள். புராட்டஸ்டண்ட் சபைகளும் இதே திசையில் வந்தன. ஜெர்மனியின் ரைன்லாந்து சபை 1980-இல் யூத மக்களின் தெரிந்தெடுப்பு நிலைத்திருப்பதை அறிக்கையிட்டது. அமெரிக்காவின் பெரிய லூத்தரன் சபை 1994-இல் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக மறுத்துத் துக்கம் தெரிவித்தது. லூத்தரை மதிக்கிறவர்களே அதைச் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

இதுவரை நம் பக்கத்தை மட்டுமே பேசினேன். யூதர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த உறவு சமமான உறவு அல்ல. இஸ்ரவேலைப் பற்றிப் பேசாமல் கிறிஸ்தவன் தன்னைப் பற்றி ஒரு வாக்கியமும் சொல்ல முடியாது. கிறிஸ்துவைப் பற்றிப் பேசாமல் யூதன் தன் விசுவாசத்தை முழுமையாகச் சொல்லிவிட முடியும். அவர்களுடைய மறுப்பு பிடிவாதத்தால் வந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு வேதத்திலிருந்தே காரணம் சொல்கிறார்கள். மேசியா வந்தால் பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் என்று ஏசாயா சொன்னாரே, உலகம் அப்படியா இருக்கிறது என்று கேட்கிறார்கள். கர்த்தர் ஒருவரே என்ற உபாகமம் 6:4 அவர்கள் காலையும் மாலையும் ஓதும் அறிக்கை. மாற்கு 12-இல் இயேசுவும் அதையே முதல் கற்பனை என்றார். அந்த அறிக்கையோடு திரித்துவம் எப்படிப் பொருந்தும் என்பது அவர்களுடைய கேள்வி. ஏசாயா 53-இன் பாடுபடும் தாசன் இஸ்ரவேல் மக்களே என்று 11-ஆம் நூற்றாண்டின் யூத வேத விளக்க ஆசிரியர் ராஷி விளக்கினார். நாம் வேறு விதமாக வாசிக்கிறோம். நான் கிறிஸ்துவையே அங்கே காண்கிறேன். ஆனால் அவர்களுடைய வாசிப்பை ஒரு முறையாவது கவனமாகக் கேட்காத கிறிஸ்தவன் அந்த அதிகாரத்தின் கனத்தை முழுதாக உணர்ந்திருக்கமாட்டான் என்பது என் எண்ணம்.

கிறிஸ்தவத்தைப் பற்றி யூத அறிஞர்கள் ஒரே குரலில் பேசியதும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிதேஸ் நம் வழிபாட்டை விக்கிரக ஆராதனையாகவே கருதினார். ஆயினும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் உலகெங்கும் மேசியாவையும் தோராவையும் பற்றிய பேச்சைப் பரப்பி மேசியாவின் வருகைக்கு வழியை ஆயத்தப்படுத்துகின்றன என்றும் அவரே எழுதினார். தென் பிரான்சில் வாழ்ந்த மெயிரி, கிறிஸ்தவர்கள் மார்க்க ஒழுக்கத்துக்கு உட்பட்ட ஜாதியார், அவர்களைப் பழைய விக்கிரக ஆராதனைக்காரரோடு சேர்க்கக் கூடாது என்றார். 2000-ஆம் ஆண்டு யூத அறிஞர்கள் பலர் கையொப்பமிட்டு வெளியிட்ட தப்ரு எமெத் என்ற அறிக்கை, யூதரும் கிறிஸ்தவரும் ஒரே தேவனை ஆராதிக்கிறார்கள் என்றது. வேறுபாடுகளை அது மென்மையாக்கிவிட்டது என்று ஜான் லெவன்சன் என்ற யூத வேத அறிஞர் மறுத்தெழுதினார். அந்த மறுப்பை நான் வரவேற்கிறேன். பேதத்தை மூடிவைத்துக் கட்டும் நட்பு நீண்ட நாள் நிற்காது.

எபிரெயர் 8:13, முதல் உடன்படிக்கை பழமையாகி உருவழிந்துபோகிறது என்கிறதே என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். அந்த நிருபம் ஆசாரியத்துவத்தையும் பலியையும் பற்றி வாதிடுகிறது. அங்கே எடுத்துக்காட்டப்படும் எரேமியா 31-இல், புதிய உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்யப்படுவதாகவே வாக்கு இருக்கிறது. புறஜாதியாரின் பெயர் அதில் இல்லை. நாம் உள்ளே சேர்க்கப்பட்டவர்கள். யூதருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்று சில நவீன இறையியலாளர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிறிஸ்து எல்லாருக்கும் கர்த்தர் என்ற அறிக்கை அதில் கரைந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், இரட்சிப்புக்கு இரண்டு இணைவழிகள் இல்லை, ஆனால் யூதரோடுள்ள உடன்படிக்கை ரத்தாகவும் இல்லை, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது தேவரகசியம் என்றது. அவிழாத முடிச்சை அவிழ்த்ததாகப் பாவனை செய்யாத பதில் அது. ரோமர் 11:25-இல் பவுலும் இதை இரகசியம் என்றே அழைக்கிறார்.

கன்வென்ஷன் பிரசங்கியார் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன் என்று தேவன் ஆபிரகாமிடம் சொன்ன ஆதியாகமம் 12:3-ஐ ஒரு நாட்டின் கொடியோடு முடிச்சுப்போடும் இந்தப் போதனை, 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த, வேத வரலாற்றைத் தனித்தனி யுகங்களாகப் பிரிக்கும் யுகப் பிரிவு உபதேசத்திலிருந்து வளர்ந்து, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாக உலகெங்கும் பரவியது. யூதர்மேல் அன்பாகத் தோன்றினாலும், கடைசி நாட்களில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டு, மீந்தவர்கள் மனம் மாறுவார்கள் என்ற கணக்கு அதற்குள் பெரும்பாலும் இருக்கிறது. அப்படிப்பட்ட அன்பை எந்த யூதர் விரும்புவார்? யூத மக்களின் அழைப்பு என்பது ஒன்று, 1948-இல் உருவான அரசு என்பது மற்றொன்று. அந்த அரசின் செயல்களை எல்லா அரசுகளையும் போலவே நீதியின் தராசில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் நம் சகோதரர்களே. பிரசங்கியார் ஊதிய ஆட்டுக்கடாக் கொம்பு யூதரின் புத்தாண்டிலும் பாவநிவாரண நாளின் முடிவிலும் மனந்திரும்புதலுக்கு அழைக்க ஊதப்படுவது. அதை மேடை முழக்கமாக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் மண்ணிலேயே இதைவிட நல்ல முன்மாதிரி உண்டு. 849-இல் வேணாட்டு அய்யனடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு வெட்டித் தந்தார். அந்தத் தேவாலயத்துக்குக் காவலாக அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. சாட்சிக் கையொப்பங்களில் அரபியும், பழைய பாரசீகத்தின் ஒரு வடிவமான பஹ்லவியும், எபிரெய எழுத்தில் எழுதிய பாரசீகமும் இருக்கின்றன. ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் உரிமைக்கு யூத வணிகர்கள் சாட்சிக் கையெழுத்திட்ட ஏடு அது. கேரளத்து யூதரைப் பின்னால் வந்த போர்ச்சுக்கீசியர் துன்புறுத்தினார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவில் அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் அவித்த பெசகா அப்பத்தின்மேல், குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலையால் செய்த சிலுவையை வைத்து, குடும்பத் தலைவர் ஜெபித்துப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலோடு கொடுப்பார். அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டில் அப்பம் அவிக்கமாட்டார்கள். அண்டை வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது நமக்குரிய பஸ்கா நினைவு. இப்போது சில சபைகள் நடத்தும் யூத பஸ்கா விருந்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். யூதர் இன்று அனுசரிக்கும் அந்த விருந்து முறை 70-இல் ஆலயம் இடிந்தபின் ரபீக்கள் என்ற யூத போதகர்களால் உருவானது, அது அவர்களுடையது. யாராவது தம் வீட்டு மேசைக்கு அழைத்தால் விருந்தாளியாக உட்காரலாம்.

யூதருக்காக என்னவென்று ஜெபிப்பது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, இரண்டு ஜெபங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், பெரிய வெள்ளியன்று யூதரைத் துருக்கியரோடும் அவிசுவாசிகளோடும் வேதப்புரட்டரோடும் ஒரே வரியில் சேர்த்து, அவர்கள் கடின இருதயம் நீங்க மன்றாடியது. கத்தோலிக்கத் திருச்சபை 1970 முதல், தேவன் முதலில் பேசிய மக்களாகிய யூதர்கள் அவருடைய நாமத்தின் அன்பிலும் உடன்படிக்கையின் உண்மையிலும் வளர வேண்டும் என்று ஜெபிக்கிறது. இந்த இரண்டாவது ஜெபத்தை உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் இந்த ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அதோடு ரோமர் 11:17 முதல் 24 வரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.